சிவகிரியில் ஓர் ஒயின் பட்டியல்

'ஒயின்ஷாப்' என்று தமிழ்நாட்டில் ஒரு சொல் புழங்குகிறது. ஒயின் ஏறக்குறைய விற்காத கடைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு முழுமையாக எடுத்துக்கொள்ளும் வரை, தனியார் கடைகளின் பெயர்ப்பலகைகளில் குலதெய்வத்தின் பெயரோ மகளின் பெயரோ முன்னால் நிற்க, பின்னால் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே பிராந்தியும் ரம்மும் விஸ்கியும் பீரும் இருக்கும். அந்தப் பலகைகள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் வழி கேட்பவருக்கு "ஒயின்ஷாப் தாண்டி இடது கைப்பக்கம்" என்றுதான் சொல்கிறோம்.

இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. படித்த நாவல்களைப் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் நால்வர் ஓர் ஐப்பசி மாதத்தில் சிவகிரியில் கூடினோம். மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிறது இவ்வூர். பழைய ஜமீன் ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். எங்களில் இருவர் மதுவைத் தொடாதவர்கள். ஒருவர் தொட்டு விட்டவர். நான்காமவர் பெங்களூரில் பணிபுரிபவர். அளவாக ஒயின் அருந்துபவர். பேச்சு எங்கெங்கோ சுற்றி விமர்சனம் என்றால் என்ன என்ற பழைய கேள்விக்கு வந்தபோது அவர் சொன்னார்: ஓர் உணவகத்தின் சமையலைச் சுவைக்கும் முன்பே அதன் ஒயின் பட்டியலைப் படித்து அந்த இடத்தை எடைபோட்டுவிடலாம். அப்படியானால் எங்கள் ஊர்ப் பட்டியலையும் எடைபோட்டுச் சொல்லுங்கள் என்று அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

கடை ஊருக்கு வெளியே, வயலோரத்தில் இருந்தது. நெடுஞ்சாலை ஊர்களில் இப்போது மதுக்கடை இப்படித்தான் ஒதுங்கி நிற்கிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது; சிற்றூர்களுக்கு அந்தத் தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் சாலையோரத்திலிருந்து அகன்றன. அகன்றவை குடியிருப்புகளுக்குள் நுழைய முயன்றபோது பெண்கள் திரண்டு மறித்தார்கள். சாலையும் வேண்டாம், தெருவும் வேண்டாம் என்றான பிறகு மிஞ்சியது ஊர்ப்புறம். மேலைநாடுகளில் புறநகர் ஒயின் விடுதி என்றால் மாலையில் குடும்பத்தோடு போய் அமரும் இடம் என்று பொருள். நம் புறநகர்க் கடைக்குப் பொருளே வேறு.

கம்பிவலைக்குப் பின்னால் பட்டியல் தொங்கியது. பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா, ஜின், பீர் என்று தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நிறுவனப் பெயர்கள். எதிரே 180, 375, 750 மில்லிகளுக்கான விலைகள். கடைசியில் 'ஒயின்' என்றொரு தலைப்பும் இருந்தது. அதன் கீழ் சில வரிகள். எந்தத் திராட்சை, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் ஏதுமில்லை. நண்பர் கம்பிவலையை நெருங்கி, "அண்ணாச்சி, ஒயின்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். உள்ளே இருந்தவர் இனிமையான மனிதர். "ஒயினா? இருக்கு அண்ணாச்சி. ஆனா அத யாரு கேக்கா? எந்த ரேட்டுல வேணும், அதச் சொல்லுங்க" என்றார்.

நண்பர் வாங்காமல் திரும்பினார். 'எந்த ரேட்டுல' என்ற அந்தக் கேள்வியை மட்டும் நாங்கள் கையோடு கொண்டுவந்துவிட்டோம். விற்பவரைக் குறைசொல்வது எங்கள் நோக்கமன்று. அவர் தன் முன்னாலிருந்த பட்டியலைப் பிழையின்றிப் படித்திருக்கிறார். அரசின் விலை உயர்வு அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மது வகைகள் அங்கே சாதாரணம், நடுத்தரம், உயர்தரம் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். இந்தத் தரங்கள் யாரும் சுவைத்துச் சொன்னவையல்ல. விலை தரத்தைச் சொல்கிறது; தரம் விலையைச் சொல்கிறது. வட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

*

பட்டியல் எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம். பிராந்தி என்பது திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது. விஸ்கி என்பது தானியத்திலிருந்து வடித்தது. ரம் கரும்பிலிருந்து வடித்தது. ஐரோப்பிய நாடுகளில் இந்தப் பெயர்களைப் போட்டு விற்க வேண்டுமானால் மூலப்பொருளும் அதுவாகவே இருந்தாக வேண்டும். நம் நாட்டில் மலிவு விலை வகைகளில் பெரும்பாலானவை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த, நிறமும் மணமும் நீக்கிய சாராயத்தில் உருவாகின்றவை. அதில் சேர்க்கும் சாயமும் மணப்பொருளும் எது பிராந்தி, எது விஸ்கி என்று தீர்மானிக்கின்றன. சாராய அளவு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான், 42.8 விழுக்காடு. பெயருக்கு உண்மையாக இருப்பது ஏறக்குறைய ரம் ஒன்றுதான் எனலாம்.

சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே சாலையின் இருமருங்கிலும் கரும்பு விளைகிறது. கரும்பை நட்டு வெட்டி வண்டியேற்றிய கைகள், அந்தக் கரும்பு இனத்தின் கழிவையே வேறொரு பெயரில், வேறொரு நிறத்தில், மாலையில் காசு கொடுத்து வாங்குகின்றன. இதை வாங்குபவருக்குச் சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

பெங்களூர் நண்பரிடம், ஒயின் பட்டியலை எப்படி எடைபோடுவீர்கள் என்று கேட்டோம். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. முதலில், ஒவ்வொரு வரியும் நான்கு செய்திகளைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்: என்ன திராட்சை, எந்த நிலம், யார் செய்தது, எந்த ஆண்டு. அடுத்து, மிக மலிவான குப்பியைப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்ததைப் பணம் தேர்ந்தெடுத்துவிடும். மலிவானதில் நல்லதைத் தேர்ந்தெடுக்க நாக்கு வேண்டும். கடைசியாக, எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கியிருக்கும் பட்டியலை யாரும் தொகுக்கவில்லை என்று பொருள். ஆக, பட்டியலை மதிப்பிடுவது என்பது அதன் பின்னால் இருக்கும் நாக்கை மதிப்பிடுவது.

இந்தக் கடைசி வாக்கியத்தை எங்களில் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். இது க.நா.சு.வைப் பற்றிய பேச்சல்லவா என்றார்.

தமிழ் வாசகர்களுக்குப் பட்டியல் புதிதல்ல. நல்ல நூல்களின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் போட்டவர் க.நா.சுப்ரமண்யம். ஏன் நல்லது என்று விரித்துச் சொல்வதில் அவருக்கு அத்தனை அக்கறை இருந்ததில்லை. படித்துப் பாருங்கள், தெரியும் என்பதே அவர் நிலை. அதை ஏற்காதவர் சி.சு.செல்லப்பா, 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, அலசிக் காட்டாத அபிப்பிராயம் விமர்சனமாகாது என்று வாதிட்டவர். இவர்களுக்கும் முன்னால், சிவகிரியிலிருந்து அதிக தூரமில்லாத குற்றாலத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ரசிகமணி டி.கே.சி. இருந்தார். கம்பனின் பாடல்களைக் காதால் சுவைத்து, இது கம்பன் பாட்டு, இது யாரோ செருகியது என்று தள்ளிக்கொண்டே போனவர். புலவர்கள் கொதித்தார்கள். ஏட்டுச் சான்று எங்கே என்றார்கள். அவரிடம் இருந்த சான்று அவருடைய ரசனை ஒன்றுதான்.

மூவரோடும் நாம் சண்டை போடலாம். டி.கே.சி. தள்ளியதைத் திரும்பச் சேர்க்கலாம். க.நா.சு.வின் பட்டியலில் இன்னார் ஏன் இல்லை என்று கேட்கலாம். செல்லப்பாவின் அலசல் சுவையைக் கொன்றுவிடுகிறது என்று சொல்லலாம். சண்டை போட முடிகிறது என்பதே அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு நாக்கு இருந்ததற்குச் சாட்சி. சிவகிரிப் பட்டியலோடு எப்படிச் சண்டை போடுவது? இந்தப் பிராந்தி ஏன் இருக்கிறது, அந்தப் பிராந்தி ஏன் இல்லை என்று யாரிடம் கேட்பது? கொள்முதல் செய்தவர் எவரும் இது சுவையானது என்று சொல்லி அதைச் சேர்க்கவில்லையே.

*

விலையைத் தரமாகக் கொண்டது நாம் மட்டும்தானா என்றால், இல்லை. 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வட்டாரத்து ஒயின்களைத் தரப்படுத்தச் சொன்னபோது, அங்கிருந்த தரகர்கள் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அவர்கள் முதன்மையாகப் பார்த்தது சந்தையில் நெடுங்காலமாக விற்ற விலையைத்தான். அந்த வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. 1973இல் ஒரு தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏறியது குறிப்பிடத்தக்க மாற்றம்.

ஆனால் அங்கே அந்த வரிசையைக் கேள்வி கேட்கவும் வழி இருந்தது. 1976 மே மாதம், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பாரிஸில் ஒரு போட்டி வைத்தார். குப்பியின் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்ததைச் சுவைத்து மதிப்பெண் போட்டவர்கள் பிரெஞ்சு வல்லுநர்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னிய ஒயின்கள். பெயரும் விலையும் மறைந்ததும் நாக்கு வேறு தீர்ப்புச் சொன்னது.

நாக்கும் பிழையற்றதல்ல. போர்தோ ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஒரு சோதனையை ஒயின் பிரியர்கள் சற்று வெட்கத்தோடு நினைவுகூர்வார்கள். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயினியல் பயிலும் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றிவிட்டது. இலக்கியத்திலும் அட்டையைப் பார்த்து, ஆசிரியர் பெயரைப் பார்த்து நாம் இப்படி ஏமாந்ததுண்டு. ஆயினும் இங்கே கவனிக்க ஒன்று உண்டு. அவர்கள் ஏமாந்தது தெரியவந்ததற்குக் காரணம், அவர்களிடம் வெள்ளைக்கு ஒரு சொற்குவியலும் சிவப்புக்கு ஒரு சொற்குவியலும் இருந்ததுதான். சொல்லே இல்லாதவனை ஏமாற்றினாலும் கண்டுபிடிக்க முடியாது.

கானாவூர்த் திருமணத்தைத் திருநெல்வேலிச் சீமையில் அறியாதவர் குறைவு. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் வரும் அந்தப் பந்திவிசாரிப்புக்காரனை நாங்கள் தமிழ் வாசகன் சந்தித்த முதல் ஒயின் நடுவர் என்று சொல்லத் துணிவோம். தண்ணீர் திராட்சரசமாக மாறிய செய்தி அவனுக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது என்று அறியாமலே சுவைத்துப் பார்க்கிறான். நல்லது என்கிறான். வழக்கமாக எல்லோரும் நல்ல ரசத்தை முதலில் பரிமாறி, விருந்தினர் நிறையக் குடித்த பிறகே மட்டமானதை எடுப்பார்கள் என்று வியப்போடு சொல்கிறான். குடி ஏறியவனுக்குச் சுவை தெரியாது என்பது பழைய வணிக ஞானம். நம் மதுக்கடைப் பட்டியல், தொடக்கத்திலிருந்தே நிறையக் குடித்துவிட்டவனுக்கென்று எழுதப்பட்டது.

*

நமக்கு இதற்கான சொற்களே இருந்ததில்லையா? இருந்தன. கிரேக்க மொழியில் ஒரு மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வணிகக் கையேடு. அதில் பரிகாசா என்னும் இன்றைய பரூச்சுத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைச் சொல்லும்போது, ஒயின் என்று குறித்து, இத்தாலிய ஒயினுக்கே அங்கு முதல் விருப்பம், லாவோதிக்கேயாவினதும் அரேபியாவினதும் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறார் ஆசிரியர். நம் சேரர் துறைமுகமான முசிறிக்கும் ஒயின் வருகிறது, அதிகமில்லை என்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் கடல் தாண்டி வந்த சாடிகள் அவை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர அருந்துமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். குளிர்ச்சி, மணம், எங்கிருந்து வந்தது என்ற மூன்று செய்திகள் அந்த ஒற்றைத் தொடரில் அடங்கிவிடுகின்றன.

இறக்குமதிச் சரக்கை விட்டுவிடுவோம். உள்ளூர்க் குடிக்கே எத்தனை பெயர்கள்! தேறல் என்றால் தெளிந்தது. பிழி என்றால் பிழிந்தெடுத்தது. அரியல் என்றால் அரித்தெடுத்தது. நறவு என்னும்போது மணம் முன்னால் வருகிறது. தோப்பி நெல்லிலிருந்து வீட்டில் சமைத்தது. குறிஞ்சி நிலத்தில் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன்தேறலும் பேசப்படுகிறது. பெயரிலேயே செய்முறையும் மூலப்பொருளும் நிலமும் இருக்கின்றன. பெங்களூர் நண்பர் கேட்ட விவரங்களில் பாதி, பட்டியல் ஏதுமின்றிச் சொல்லிலேயே கிடைத்தது.

அதே தமிழில் 'கள்ளுண்ணாமை' என்றொரு முழு அதிகாரமும் இருக்கிறது. குறளின் 93ஆம் அதிகாரம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நாங்கள் நினைக்கவில்லை. சுவையை நுட்பமாக அறிந்த ஒரு சமூகம்தான் அதன் கேட்டையும் நுட்பமாகச் சொல்ல முடியும். இன்று நம் கையில் மிஞ்சியிருக்கும் சொற்களைப் பாருங்கள்: சரக்கு, குவார்ட்டர், ஆஃப், ஃபுல், கட்டிங். அத்தனையும் அளவைச் சொல்பவை, அல்லது எதையும் சொல்லாதவை. சுவைக்கு ஒரு சொல்லும் இல்லை.

இடையில் நடந்தது சட்டத்தின் கதை. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1973–74இல் திரும்பி, 1981இல் மீண்டும் திறந்து, 1987இல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. அயல்நாட்டு வகை என்று பெயர் பெற்ற உள்நாட்டு மது மட்டும் தொடர்ந்தது. 1983இல் பிறந்த டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனையையும், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. கண்ணீரும் இருந்தது, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எந்த மாற்றத்தின்போதும் குடிப்பவன் என்ன குடிக்கிறான் என்பது பேசப்படவில்லை. மூடுவதா, திறப்பதா, வருவாய் எவ்வளவு என்பவை மட்டுமே பேசப்பட்டன.

மலைக்கு அந்தப்புறத்தையும் பார்த்துவிடலாம். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் கேரளம். 2014இல் அங்கே ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற மதுக்கூடங்களை மூடுவதென்று அரசு முடிவெடுத்தது. மூடியவற்றில் பலவற்றுக்கு 'பீர், ஒயின் பார்லர்' என்ற உரிமம் கிடைத்தது. உண்மையான ஒயின் விடுதிகள் பெயரளவிலாவது தென்னாட்டில் ஊர்தோறும் முளைத்த காலம் அதுதான். அங்கும் 'ஒயின்' என்ற சொல்லுக்குப் பொருள், சாராய அளவு குறைந்தது என்பதே. சுவையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. 2017இல் கொள்கை மாறியதும் பழைய குப்பிகள் திரும்பிவந்தன. ஆனால் கேரளத்தில் கள்ளுக்கடை மூடப்படவில்லை. ஆகவே, தென்னங்கள்ளா பனங்கள்ளா, காலையில் இறக்கியதா மாலையில் இறக்கியதா, இளசா முற்றியதா என்று கேட்கும் வழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

*

இவ்வளவையும் படித்த வாசகர் ஒருவர் கோபப்படக்கூடும். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு உயிர்கள் போயின. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேல். மதுவிலக்கு கேட்டுப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் போராட்டக் களத்திலேயே மாண்டார். இந்த நாட்டில் திராட்சையின் ஊரையும் ஆண்டையும் கேட்டு நிற்பது மேட்டுக்குடி விளையாட்டு இல்லையா?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்களில் மதுவை விட்டவராகிய நண்பர்தான் அன்றிரவு இதற்குப் பதில் சொன்னார். அவர் சொன்னதை எங்கள் சொற்களில் தருகிறோம். அவர் பதினோராண்டுகள் குடித்தார். அந்தப் பதினோராண்டுகளில் ஒருமுறைகூடத் தான் குடித்ததன் சுவை என்னவென்று அவருக்குத் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரோ குளிர்பானமோ கலந்து, தொண்டையைத் தாண்டினால் போதும் என்று விழுங்கினார். ஊறுகாய் எதற்கு என்றால் சுவையை அழிப்பதற்கு. நல்லதா கெட்டதா என்று கேட்க முடியாத பொருளில் போதும் என்ற இடமும் தெரியவில்லை என்றார் அவர். காசு தீர்ந்த இடம்தான் போதுமான இடம்.

சுவை தெரிந்தவன் குடிகாரன் ஆகமாட்டான் என்று நாங்கள் சொல்லவில்லை. உலகின் மிகச் சிறந்த ஒயின்களைக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மது எந்த அளவிலும் உடலுக்கு நல்லதல்ல என்பதே இன்று மருத்துவ உலகம் வந்துசேர்ந்திருக்கும் முடிவு. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: சுவையைக் கேட்கும் உரிமையை எடுத்துவிட்டால் ஒருவனிடம் மிஞ்சுவது போதையைக் கேட்கும் உரிமை மட்டுமே. என்ன குடிக்கிறோம் என்று கேட்டுப் பழகாத நாக்குதான் மெத்தனாலையும் கேள்வியின்றி விழுங்குகிறது. அந்த மனிதர்கள் ஏழைகளாக இருந்ததால் மாண்டார்கள் என்பது உண்மை. தங்கள் குவளையில் இருப்பது என்னவென்று அறியும் வழி அவர்களுக்கு எந்நாளும் தரப்படவில்லை என்பதும் உண்மை. பணக்காரனின் பட்டியலில் தோட்டத்தின் பெயர்வரை அச்சாகிறது. கரும்பு வெட்டுபவனின் பட்டியலில் கரும்பு என்ற சொல்கூட இல்லை. மேட்டுக்குடி விளையாட்டு எது?

நம் மக்களுக்கு நாக்கு இல்லை என்று எவராவது சொன்னால் அவர் கோடையில் இந்தப் பக்கம் வரவேண்டும். பனையிலிருந்து இறக்கிய பதநீரைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தவுடன் முதல் மிடறிலேயே தீர்ப்பு வந்துவிடும். சுண்ணாம்பு தூக்கல் என்பார் ஒருவர். சுண்ணாம்பு பத்தவில்லை, புளிப்பு தட்டுகிறது என்பார் இன்னொருவர். கருப்பட்டியைக் கிள்ளி நாக்கில் வைத்துச் சீனி கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். குற்றாலச் சீசனில் மங்குஸ்தானை அழுத்திப் பார்த்தே உள்ளே சுளை எப்படி இருக்கும் என்று சொல்லும் பாட்டிமார் உண்டு. டீக்கடையில் பால் அடிப்பிடித்த வாசனையைக் கண்டுபிடிக்காத கிழவர் இல்லை. இந்த மனிதர்களே மாலையில் கம்பிவலை முன் நிற்கும்போது, 'எந்த ரேட்டுல' என்ற ஒரே கேள்விக்கு உரியவர்களாகிவிடுகிறார்கள்.

டாஸ்மாக் கடைகளின் எண்ணிக்கை 2023 ஜூனில் 5,329லிருந்து 4,829 ஆகக் குறைந்தது. வருவாய் குறையவில்லை, இன்று அது ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கடைகளை மூட வேண்டும் என்பவர்களோடு எங்களுக்கு வழக்கில்லை. மூடும் நாள் வரும்வரை, விற்கும் பட்டியலில் மூன்று கட்டங்கள் கூடுதலாக வேண்டும் என்று கேட்கிறோம். எதிலிருந்து செய்தது? எங்கே செய்தது? நிறமும் மணமும் எப்படி வந்தன? தமிழில், கம்பிவலைக்கு வெளியிலிருந்து படிக்கும் அளவு எழுத்தில் எழுதினால் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சையின் ஊரை அத்தனை கவனமாகப் பதிவு செய்யத் தெரிந்த நமக்கு, பிராந்தியில் எவ்வளவு திராட்சை இருக்கிறது என்று எழுதத் தெரியாதா?

எழுதினால் ஒன்று நடக்கக்கூடும். பட்டியலைப் படித்தவர்களில் சிலர் வாங்காமல் திரும்பலாம். சிலர் வாங்கிக்கொண்டே திட்டலாம். இது என்ன பிராந்தி, இதில் திராட்சையே இல்லையே என்று ஒருவர் கம்பிவலைக்குள் கையை நீட்டிச் சண்டை பிடிக்கலாம். அந்தச் சண்டையைத்தான் நாங்கள் விமர்சனம் என்கிறோம். க.நா.சு.வும் செல்லப்பாவும் நூல்களை முன்வைத்துப் போட்டது அந்தச் சண்டைதான். சிவகிரியின் வயலோரத்தில் அது நடக்கும் என்றால், அடுத்த ஐப்பசிக்கும் நாங்கள் அங்கேயே கூடுவோம்.